பூச்சி வூட்டு முந்திரிக்கொட்டை

போன பொங்கலுக்கு முன்னாடி மருமகள் ஒட்டடைக் கம்பைத் தூக்கிக்கொண்டு அறை அறையாக வந்தாள். "அந்த மேக்கு மூலைய மட்டும் வுட்டுடும்மா" என்றேன்.

"ஏன் அத்த, அங்க யாரும் வாடகைக்கு இருக்காங்களா?"

"இருந்துட்டுப் போவட்டும்."

"அப்ப நீங்களே பேசி முடிவு பண்ணிக்குங்க" என்று கம்பை என் கையில் கொடுத்துவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். நான் அந்தக் கம்போடு அந்த மூலையைப் பார்த்துக்கொண்டு எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியவில்லை.

அவளுக்குக் காரணம் சொல்ல முடியாது. சொன்னாலும் விளங்காது. என் வயசு ஆளுங்க, அம்பத்தஞ்சைத் தாண்டினவங்க, உங்களுக்கு விளங்கும். படுத்த பிறகு எழுந்துபோய் கேஸ் மூடியிருக்கிறதா என்று பார்க்கிறவங்கதானே நாமெல்லாம். நான் மூணு தடவை பார்ப்பேன். பத்து மணி பஸ்ஸுக்கு ஒன்பது மணிக்கே பெரம்பலூர் ஸ்டாண்டில் போய் நிற்பேன். பஸ் வந்த பிறகும் இது நம்ம பஸ்தானா என்று நாலு பேரைக் கேட்பேன். இந்தக் கவலை எங்கிருந்து புடிச்சது என்று யோசித்துப் பார்த்தால், எனக்குப் பத்து வயசாக இருந்தபோது ஒரு கருவேல மரத்தடியில் போய் நிற்கிறது.

செந்துறையைத் தாண்டி ரோட்டோரமாக ஒரு முந்திரிக்காடு. அந்த வருஷம் அதைக் குத்தகைக்கு எடுத்தவர் லாரிக்காரர். ரெட்டிபாளையத்துப் பக்கம் சிமென்ட் ஃபேக்டரிக்குச் சுண்ணாம்புக்கல் ஏற்றுகிற லாரிகள் வைத்திருந்தார். முந்திரியில் அவருக்கு அதுதான் முதல் வருஷம். அதுக்கு முன்னாடி முந்திரி மரத்தை அவர் பஸ் ஜன்னல் வழியாகப் பார்த்திருந்தால் உண்டு. முந்திரிப் பருப்பைப் பாயசத்தில் பார்த்திருப்பார். வெள்ளை வேட்டி, புல்லட் வண்டி. வண்டியின் டயர், சீட், அவருடைய செருப்பு எல்லாவற்றிலும் சுண்ணாம்புத் தூசி படிந்திருக்கும். அவர் வந்துவிட்டுப் போன இடத்தில் வெள்ளையாகத் தடம் இருக்கும்.

காட்டுக் காவலுக்கு எங்க அப்பாவை வைத்தார். மாசியிலிருந்து வைகாசி வரைக்கும் நாங்கள் நாலு பேரும், அப்பா, அம்மா, நான், அஞ்சு வயசுத் தங்கச்சி, காட்டுக்குள்ளேயே ஒரு கொட்டாயில் குடியிருந்தோம். கூலி ஆள் வீட்டுக்கு நிலையான வேலை என்பது அன்றைக்குக் கனவு மாதிரி. லாரிக்காரர் அந்தக் கனவைச் சொல்லிவிட்டுப் போயிருந்தார். "இந்தக் காவல ஒழுங்கா முடிச்சுக் குடுப்பா. லாரி ஷெட்டுல உன்ன வாட்ச்மேனா போட்டுடறேன். ஆனா ஒண்ணு. காவக்காரன் வூட்டு ஆளே கொட்டைய எடுத்தான்னு ஒரு பேச்சு வந்துச்சு, அன்னியோட சரி."

அம்மா எங்கள் ரெண்டு பேரையும் கூப்பிட்டு உட்கார வைத்துச் சொன்னாள். "பழம் நம்மளுது. கொட்டை அவருது. பழத்த எவ்ளோ வேணாலும் தின்னுங்க. கொட்டை மேல கைய வெச்சீங்க, கைய ஒடிச்சு அடுப்புல வெச்சிடுவேன்."

முந்திரிப்பழம் தெரியுமில்லையா உங்களுக்கு? மஞ்சளும் சிவப்புமாகத் தொங்கும், கொட்டை அதன் நுனியில் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். கொட்டையைத் திருகிப் போட்டுவிட்டால் பழத்தை யாரும் சீந்த மாட்டார்கள். காடு முழுக்கப் புளிச்ச வாசனை. உப்புத் தொட்டுத் தின்றால் தொண்டை கரகரவென்று பிடிக்கும், ஆனாலும் விட முடியாது. அதன் சாறு துணியில் பட்டால் போகவே போகாது. எனக்கு இருந்தது ஒரே நீலப் பாவாடை, பள்ளிக்கூடத்துக்கும் அதுதான் காட்டுக்கும் அதுதான். சித்திரைக்குள் அது முழுக்கத் துரு பிடித்த மாதிரி ஆகிவிட்டது. பரீட்சைக்குப் படிக்கிறேன் என்று அலுமினியப் பெட்டியில் புத்தகத்தை எல்லாம் எடுத்துக்கொண்டு போயிருந்தேன். கொஞ்ச நாளில் அம்மா புத்தகத்தை வெளியே எடுத்துக் கொட்டாய்க் கூரையில் செருகிவிட்டு, பெட்டியில் புளியும் உப்பும் போட்டு வைத்தாள். எலி எடுக்காமல் இருக்க அது ஒன்றுதான் மூடியோடு இருந்தது.

காட்டுக்குள் நுழைகிற இடத்தில் ஒரு கருவேல மரம். அதில்தான் அந்தப் பூச்சி வீடு.

பார்த்தால் அழுக்குத் துணியைச் சுருட்டிக் கிளையில் செருகி வைத்த மாதிரி இருக்கும். ஒரு தேங்காய் அளவு. முள்ளும் காய்ந்த இலையும் செத்த பூச்சியின் றெக்கையும் அதிலேயே ஒட்டிக் கிடக்கும். விரல் நுழைகிற மாதிரி ஓட்டைகள். அதிலிருந்து நாலாபக்கமும் கிளைக்குக் கிளை வலை விரிந்திருக்கும், சல்லடைத் துணியைக் காயப்போட்ட மாதிரி. உள்ளே எத்தனை எட்டுக்கால் பூச்சி இருந்ததோ. சாம்பல் நிறம், உளுந்தைவிடப் பெரிசு, கொண்டைக்கடலையைவிடச் சின்னது. வெட்டுக்கிளி ஒன்று வந்து வலையில் அடித்தால் போதும், ஒவ்வொரு ஓட்டையிலிருந்தும் எட்டிப் பார்த்து, பத்துப் பதினைந்து சேர்ந்து ஓடிவந்து காலுக்கு ஒருவராகப் பிடித்து இழுக்கும். சண்டை கிடையாது. சேர்ந்தே தின்னும்.

மற்ற எட்டுக்கால் பூச்சி எல்லாம் தனி ஆள். முந்திரி மரத்துக்கு மரம் ஒன்று ரெண்டு உண்டு. கறுப்பும் மஞ்சளுமாக ஒன்று, மரத்துக்கு மரம் பெரிய வட்டமாகக் கட்டும், காலை வெயிலில் நூல் தங்கமாக மின்னும். இன்னொன்று வலையின் நடுவில் வெள்ளையாகப் பெருக்கல் குறி போட்டு அதன்மேல் காலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். வாத்தியார் கணக்கு நோட்டில் தப்பு போட்ட மாதிரியே.

கருவேல மரத்தில் இருந்தது மட்டும் கூட்டுக் குடித்தனம். கொட்டை பொறுக்க வருகிற கூட்டத்துக்குப் பெரியவளாக ஒரு அத்தை இருந்தாள். சொந்தமில்லை, நாங்களாக அத்தை என்று கூப்பிட்டோம். வாய் நிறைய வெற்றிலை. அவள்தான் சொன்னாள்: "எங்க வூட்டுல ரெண்டு மருமவளுங்க ஒரு அடுப்புல ஒலை வெக்க முடியல. இதுங்களப் பாரு, ஒரு ஊரே ஒரே வூட்டுல கெடக்குது."

நானும் தங்கச்சியும் பொழுது சாய்ந்தால் அந்த மரத்தடிதான். துரும்பால் வலையைத் தட்டினால் பூச்சிகள் இரை என்று நினைத்து ஓடிவரும். வந்து ஏமாந்து திரும்பும். எனக்கு அது பாவமாக இருக்கும். "ஏமாத்தாதடி" என்று தங்கச்சியைத் திட்டிவிட்டு, வெட்டுக்கிளி பிடித்து வந்து போடுவோம்.

ஒரு நாள் வலையின் ஓரத்தில் ஒரு பெரிய பூச்சி அசையாமல் கிடந்தது. அதைச் சுற்றிக் கேழ்வரகு அளவுக் குட்டிகள் மொய்த்துக்கொண்டிருந்தன. பெரிய பூச்சியின் உடம்பு காற்றுப்போன பை மாதிரிச் சுருங்கியிருந்தது. நான் கத்தின கத்தில் பொறுக்குகிறவர்கள் எல்லாம் ஓடிவந்தார்கள்.

"பெத்தவளையே திங்குதுங்க பாரு, பாவம் புடிச்ச சென்மம்" என்று அத்தை வெற்றிலையைத் துப்பினாள்.

அம்மா மட்டும் முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு கொஞ்ச நேரம் குனிந்து பார்த்தாள். "ஓடிப் போவலியே அது. எட்டுக் கால் இருக்கு. ஓடணும்னா ஓடியிருக்காதா?" என்று கேட்டுவிட்டுக் கொட்டை திருகப் போய்விட்டாள். அதன் பிறகு பல நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. அம்மா தட்டில் தனக்கு எவ்வளவு போட்டுக்கொள்கிறாள் என்று எட்டி எட்டிப் பார்ப்பேன்.

இப்போது கொட்டை விஷயத்துக்கு வருகிறேன்.

கருவேல மரத்துக்குப் பக்கத்தில் ஒரு முந்திரி மரம், அதன் கிளை ஒன்று பூச்சி வீட்டின் மேலே நீட்டியிருந்தது. அதிலிருந்து ஒரு பழம் கொட்டையோடு விழுந்து நேராக வலையில் மாட்டிக்கொண்டது. கீழே விழவும் இல்லை. பொறுக்குகிறவர்கள் யாரும் அதில் கையை விடவில்லை. "அது பூச்சிக்கு வுட்டது" என்று அத்தை சொல்லிவிட்டுப் போனாள். பழம் அழுகியது, வற்றியது, உதிர்ந்தது. அழுகின பழத்துக்கு வந்த கொசுவையெல்லாம் பூச்சிகள் பிடித்துத் தின்றன. கடைசியில் கொட்டை மட்டும் நூலில் சுற்றித் தொங்கியது.

தங்கச்சி தினமும் அதையே பார்ப்பாள்.

"அக்கா, அது யாரோடது?"

"பூச்சிங்களோடது."

"மொதலாளியோடது இல்லயா?"

"இல்ல. அவங்க வூட்டுல வுழுந்துச்சுல்ல, அவங்களுது."

"பூச்சி கொட்டைய திங்குமா?"

"திங்காது."

"அப்ப?"

அந்த "அப்ப"வுக்கு அன்றைக்கு நான் ஒரு பதில் சொல்லியிருக்க வேண்டும். மொதலாளியோடது இல்லை என்று நான்தான் அவள் வாயில் போட்டேன்.

ஒரு வியாழக்கிழமை. நான் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன். கருவேல மரத்துப் பக்கமிருந்து அலறல். ஓடிப்போனால் தங்கச்சி ரெண்டு கையிலும் நூலாம்படை ஒட்டிக்கொண்டு வாயைப் பிடித்தபடி குதிக்கிறாள். காலடியில் அந்தக் கொட்டை, பல்லால் கடித்து வாய் பிளந்து கிடந்தது.

பச்சைக் கொட்டையின் ஓட்டுக்குள் ஒரு பால் இருக்கிறது. பட்ட இடம் வெந்துபோகும். அதனால்தான் அதைச் சுட்டுத்தான் உடைப்பார்கள், உடைக்கிறவர்கள் கையில் எண்ணெய் பூசிக்கொள்வார்கள். அந்தப் பக்கத்தில் பிறந்த எல்லாருக்கும் தெரியும். தங்கச்சிக்கு மட்டும் தெரியாத வயசு.

எனக்கு முதலில் தோன்றியது அவள் வாய் இல்லை, அப்பாவின் வேலை. சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. காலால் மண்ணைத் தள்ளிக் கொட்டையைப் புதைத்தேன். "பூச்சி கடிச்சிடுச்சுன்னு சொல்லு. கொட்டைன்னு சொன்னா அப்பாவத் தொரத்திடுவாங்க" என்று அவள் காதில் சொன்னேன். அவள் அழுதுகொண்டே தலையை ஆட்டினாள். அன்று சாயங்காலம் அம்மாவிடமும் அப்பாவிடமும் அதையே சொன்னேன். அம்மா ஒன்றும் கேட்கவில்லை. என்னைத் தண்ணீர் எடுத்துவர அனுப்பிவிட்டாள்.

மறுநாள் காலையில் தங்கச்சியின் கீழுதடு வீங்கிக் கறுத்துக் கொப்புளமாக நின்றது. வெள்ளிக்கிழமைதான் லாரிக்காரர் வருகிற நாள். புல்லட் சத்தம் கேட்டதும் தங்கச்சியை என் பின்னால் இழுத்து நிறுத்திக்கொண்டேன்.

"ஏம்மா பாப்பா, வாய் என்ன இப்படி இருக்கு?"

யாரும் வாயைத் திறக்குமுன் நான் திறந்தேன். "பூச்சி கடிச்சிடுச்சுங்க. அதோ அந்தக் கூட்டுப் பூச்சிங்க."

பொறுக்குகிறவர்கள் எல்லாம் நின்றுவிட்டார்கள். அத்தை கிட்டே வந்து, தங்கச்சியின் தாடையைப் பிடித்துத் தூக்கி உதட்டைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். எனக்கு உயிரே போய்விட்டது.

"ஆமாங்க மொதலாளி" என்றாள். "பொல்லாத பூச்சிங்க அது. போன வருசம் எங்க மருமவனுக்கு முதுவுல பட்டு, பத்து நாள் குப்புறப் படுத்துக் கெடந்தான்."

"எங்க பக்கத்து வூட்டுக்காரிக்குக் கண்ணுலயே பட்டுச்சுங்களே" என்றாள் இன்னொருத்தி.

"அதுக்கு மூச்சுக்காத்து பட்டாலே போதும்ங்க" என்றாள் மூன்றாமவள். அத்தை அவளை முறைத்தாள்.

நான் வாயைப் பிளந்துகொண்டு நின்றேன். நான் இட்டுக்கட்டினது எனக்குத் தெரியாமலே நிஜமாகிவிட்டதோ என்று நினைத்தேன். கடவுளே நமக்காக அந்தப் பூச்சிக்கு விஷத்தைக் கொடுத்துவிட்டாரோ என்றுகூட நினைத்தேன்.

லாரிக்காரர் நல்ல மனுஷன், அதையும் சொல்லிவிட வேண்டும். பயந்துபோனார். வண்டிப் பையிலிருந்து பிஸ்கட் எடுத்துத் தங்கச்சியிடம் கொடுத்தார். அவளால் கடிக்க முடியவில்லை, கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். "நாளைக்கு இன்னொருத்தருக்குக் கடிச்சா என் தலையிலல்ல விடியும்? மொதல்ல அந்தக் கூட்ட எரி. அப்புறம் காடு பூரா ஒரு நூலாம்படை இருக்கக் கூடாது. ஒவ்வொரு மரமா ஒட்டடை அடிச்சிடுங்க" என்றார்.

காட்டுக்கு ஒட்டடை அடிப்பதா என்று யாருக்கும் சிரிக்கத் தைரியமில்லை. அப்பா, "சரிங்க" என்றார்.

அப்போதுதான் எனக்குள் என்னவோ ஆனது. அப்பாவின் கையைப் பிடித்து இழுத்தேன். "அப்பா, அதுங்க கடிக்கலப்பா..."

"வாய மூடு."

அப்பா அதுவரைக்கும் என்னிடம் அப்படிப் பேசினதே கிடையாது. குரல் மட்டுமில்லை, கையாலேயே என் வாயைப் பொத்திவிட்டார். உள்ளங்கையில் முந்திரிக் கறை வாசனை. என் பொய்யை நம்பினதால் வந்த கோபம் அது என்று நான் நினைத்தேன். பூச்சிக்குப் பரிந்து பேசுகிறாளே என்று.

லாரிக்காரரிடம் அப்பா சொன்னார்: "நின்னபடிக்கு நெருப்பு வெச்சா வேலி புடிச்சுக்குங்க. கெளைய வெட்டிப் பின்னாடி வெட்டவெளியில போட்டு எரிச்சிடறேன்." அரிவாளை எடுத்துக்கொண்டு போனார். தோளில் கிடந்த பச்சைக் கட்டம் போட்ட துண்டால் கிளையைச் சுற்றிப் பிடித்து வெட்டி, கொட்டாய்க்குப் பின்பக்கம் கொண்டு போனார். எங்களை வரக் கூடாது என்றார். கொஞ்ச நேரம் ஒரு சத்தமும் இல்லை. பிறகு புகை வந்தது. லாரிக்காரர் புகையைப் பார்த்துவிட்டு வண்டியை எடுத்தார்.

அப்பா திரும்பி வந்தது கொட்டாய்ப் பக்கமிருந்து இல்லை, காட்டைத் தாண்டி இருந்த ஓடைப் பக்கமிருந்து. கை கழுவப் போயிருப்பார் என்று நினைத்தேன். தோள் வெறுமையாக இருந்தது.

"துண்டு எங்க?" என்றாள் அம்மா.

"எரியறப்ப வுழுந்துடுச்சு."

"இருந்தது ஒண்ணு. அதையும் நெருப்புல போட்டாச்சா?"

நான் போய்ச் சாம்பலைக் குச்சியால் கிளறினேன். முள்ளும் கரியும்தான் இருந்தது. அன்றைக்கு நான் பூச்சிகளைத்தான் தேடினேன். துண்டைத் தேடத் தோன்றவில்லை.

அப்புறம் பத்து நாள் நாங்கள் காட்டுக்கு ஒட்டடை அடித்தோம். மூங்கில் கழியின் நுனியில் வெளக்குமாற்றைக் கட்டி, அம்மா ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். செந்துறை ரோட்டில் சைக்கிளில் போகிறவர்கள் காலை ஊன்றி நின்று பார்ப்பார்கள்.

"என்னக்கா, காட்டுக்குப் பொங்கலா? வெள்ளையடிக்கலையா?"

"அடிக்கணும்டா. நீ வந்து கோலம் போடு" என்பாள் அம்மா, கழியை நிறுத்தாமல்.

கறுப்பு மஞ்சள் பூச்சியின் தங்க நூலெல்லாம் வெளக்குமாற்றில் சுருண்டு வந்தது. பெருக்கல் குறி போட்டிருந்த வலைகளைக் கலைக்கும்போது நான் கண்ணை மூடிக்கொள்வேன். பொய் சொன்ன அன்றையிலிருந்து எங்கே பார்த்தாலும் தப்பு போட்டிருந்தது, அதை நானே அழித்துக்கொண்டு போகிறேன். மறுநாள் விடிகாலையில் பனியோடு போய்ப் பார்த்தால் பாதி மரத்தில் திரும்பவும் கட்டியிருக்கும். திரும்பவும் தப்பு. திரும்பவும் அழிப்போம். அந்தப் பத்து நாளில்தான் முழுப்பரீட்சை நடந்து முடிந்தது. யாரும் என்னைப் போகச் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. பொய் சொன்னதுக்கு அதுதான் தண்டனை என்று நானே தீர்ப்பு எழுதிக்கொண்டேன். கூரையில் செருகின புத்தகத்தைக் காவல் முடிந்து கிளம்பும்போது எடுக்கவும் மறந்துவிட்டோம்.

அந்த வருஷம் கடைசியாக வந்த பூ கருகிப்போனது. வெயில் என்றார் லாரிக்காரர். "பூவ உறிஞ்சற பூச்சியத் திங்க ஒரு பூச்சி இருந்துச்சு, அதக் கூட்டித் தள்ளியாச்சு" என்று அத்தை அவர் இல்லாதபோது சொன்னாள். எது நிஜமோ. எனக்கு அதுவும் ஒரு கவலையாகச் சேர்ந்துகொண்டது. அவர் மறு வருஷம் முந்திரிப் பக்கமே வரவில்லை.

ஆனால் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். "பச்சப் புள்ளைக்குப் பூச்சி கடிச்சும் காட்ட வுட்டு நகராம கெடந்தவன்" என்று எல்லாரிடமும் சொல்லித்தான் அப்பாவை ஷெட்டில் வேலைக்கு வைத்தார். ரெட்டிபாளையத்துக்குக் குடி போனோம். அப்பா அங்கே தன் காலம் முழுக்க வாட்ச்மேனாக இருந்தார். சாயங்காலம் வீட்டுக்கு வரும்போது புருவம்கூட வெள்ளையாக இருக்கும். அந்த வேலையில்தான் எங்கள் ரெண்டு பேருக்கும் கல்யாணம் ஆனது. நான் தையல் கற்றுக்கொண்டேன். ஒவ்வொரு தடவை அவரைப் பாராட்டி யாராவது பேசினாலும், நான் எழுந்து உள்ளே போய்விடுவேன். இந்த வேலை ஒரு பொய்யின் மேல் நிற்கிறது, அது எனக்கு மட்டும்தான் தெரியும், என்றைக்காவது வாய் தவறிவிடுமோ என்று பயந்து பயந்தே வளர்ந்தேன். அப்பா போனார். அம்மாவும் போனாள். அப்புறமும் அந்தப் பயம் போகவில்லை. யாரிடம் மாட்டிக்கொள்ளப் போகிறேன் என்று கேட்டால் எனக்கே சிரிப்புதான் வரும்.

தங்கச்சி இப்போது பூலாம்பாடியில் இருக்கிறாள். சின்ன வெங்காயம், பருத்தி, நாலு பேரப்பிள்ளைகள். என்னை மாதிரி இல்லை, எதுக்கும் சிரிப்பாள். பொங்கல் கழிந்து அவள் வீட்டுக்குப் போயிருந்தேன். வாசலில் வெங்காயத்தாள் அரிந்துகொண்டிருந்தோம். கீழுதட்டில் அந்த வெளுத்த தழும்பு இன்னும் இருக்கிறது. மருமகளின் ஒட்டடைக் கதையைச் சொல்லி, அப்படியே அதுவும் வாயில் வந்துவிட்டது. நாற்பத்தஞ்சு வருஷத்துக்கு அப்புறம்.

"உன்னப் பொய் சொல்ல வெச்சது நான்தாண்டி. அப்பா கடைசி வரைக்கும் அத நம்பிக்கிட்டே போயிட்டாரு."

அவள் கத்தியைக் கீழே வைத்தாள். "யாரு, அப்பாவா? நம்பினாரா?"

"நம்பாமயா கூட்ட எரிச்சாரு?"

"நீ தண்ணிக்குப் போயிட்ட அக்கா. அன்னிக்குச் சாயங்காலம் அப்பா என்ன மடியில போட்டுக்கிட்டு வாய் பூரா தேங்கா எண்ணெய தடவினாரு. உள்ள வரைக்கும் வெரல வுட்டு. தொண்டையெல்லாம் எண்ணெய். இன்னிக்கும் எனக்கு அந்த ருசி மறக்கல. பூச்சிக்கடிக்கு எந்த ஊருல தேங்கா எண்ணெ தடவுவாங்க? கொட்டப்பாலுக்குத்தானே தடவுவாங்க."

நான் வெங்காயத்தாளையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அவரு ஒரு வார்த்த கேக்கல" என்றாள். "அம்மா பக்கத்துல விளக்கப் புடிச்சிக்கிட்டு நின்னுச்சு. 'அக்கா என்ன சொல்லச் சொன்னாளோ அதையே சொல்லு'ன்னு மட்டும் சொல்லுச்சு. நீ இத்தினி நாளு தெரியாமலா இருந்த?"

தெரியாமல்தான் இருந்தேன். அந்தப் பக்கத்தில் பிறந்து வளர்ந்த ஆள் அப்பா. உதட்டைப் பார்த்தாலே தெரியாதா? அத்தைக்குத் தெரியாதா? கண்ணில் பட்டது, முதுகில் பட்டது என்று கூடக்கூடப் பேசின அத்தனை பேருக்கும் தெரியாதா? அங்கே நின்றவர்களில் நிஜமாக நம்பினவர் லாரிக்காரர் ஒருத்தர்தான். "வாய மூடு" என்றது பூச்சிக்குப் பரிந்ததுக்கு இல்லை. லாரிக்காரர் காதுபட நான் நிஜத்தைச் சொல்லிவிடப் போகிறேனே என்று.

அப்புறம்தான் துண்டு ஞாபகம் வந்தது. தங்கச்சியிடம் சொன்னேன். துண்டால் கிளையைச் சுற்றினதை, எரிகிறதுக்கு முன்னாடி இருந்த அந்தக் கொஞ்ச நேரத்தை, ஓடைப் பக்கமிருந்து வெறும் தோளோடு வந்ததை, சாம்பலில் துணி எரிந்த அடையாளமே இல்லாததை. அவள் கையைக் கழுவிக்கொண்டு, "எந்திரி, போய்ப் பாத்துட்டு வந்துடலாம்" என்றாள்.

"இப்பவா? பஸ் இருக்குமா? திரும்பி வர எத்தன மணி ஆவுமோ..."

"எந்திரிக்கா."

பெரம்பலூர் வந்து, அரியலூர் போய், செந்துறை பஸ் ஏறி இறங்கினோம். வழி முழுக்க நான் கண்டக்டரைக் கேட்டுக்கொண்டே வந்தேன், கடைசி வண்டி எப்போது என்று. பழைய மரங்கள் ஒன்றும் இல்லை. குட்டையாக ஒட்டு முந்திரி வைத்திருக்கிறார்கள். கொட்டாய் இருந்த இடம் இதுவா அதுவா என்று ரெண்டு பேரும் சண்டை போட்டோம். ஓடை மட்டும் அப்படியே இருந்தது, தண்ணீர் இல்லாமல். அதன் கரையில் கருவேல மரங்கள்.

மூன்றாவது மரத்தில் இருந்தது. அழுக்குத் துணியைச் சுருட்டிச் செருகின மாதிரி. அதுக்கு அடுத்த மரத்தில் இன்னொன்று. அப்புறம் ஒன்று.

இதெல்லாம் அதுங்களோட பேரன் பேத்திகளா என்று எனக்குத் தெரியாது. வேறு எங்கிருந்தோ வந்து கட்டினதாகவும் இருக்கலாம். துண்டு எங்கேயும் இல்லை, அத்தனை வருஷம் துணி இருக்குமா? அப்பா கூட்டைத் துண்டில் சுற்றிக் கொண்டுவந்து இங்கேதான் விட்டிருப்பாரோ என்று தங்கச்சி என்னைக் கேட்கவில்லை, நானும் அவளைக் கேட்கவில்லை.

அவள் ஒரு துரும்பை ஒடித்து வலையைத் தட்டினாள். ஓட்டைகளிலிருந்து எட்டிப் பார்த்தன. ஓடிவந்தன, சாம்பல் நிறத்தில், ஏழெட்டு ஒன்றாக. வந்து தடவிப் பார்த்துவிட்டு நின்றன.

"ஏமாத்தாதடி" என்றேன்.

அம்பது வயசு, முட்டி வலி. புடவையை முழங்காலுக்குத் தூக்கிச் செருகிக்கொண்டு ஓடைக்கரையில் வெட்டுக்கிளி பிடிக்க இறங்கிவிட்டாள். ரெண்டு தப்பிப்போனது. "அந்தப் பக்கம், அந்தப் பக்கம்" என்று நான் கரையிலிருந்து கத்தினேன். அப்புறம் நானும் இறங்கினேன். ஒன்று பிடித்து வந்து வலையில் போட்டோம். காலுக்கு ஒருவராகப் பிடித்து இழுத்தன.

ரோட்டில் பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு போனது. அரியலூர் வண்டி.

"அக்கா, பஸ்ஸு" என்றாள் தங்கச்சி என் முகத்தைப் பார்த்துக்கொண்டு.

"போவட்டும்" என்றேன். அடுத்தது எப்போது என்று கேட்கத் தோன்றவில்லை.